தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி

2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் தொடங்கிய ஜல்லிக்கட்டுப் போராட்டம் மறுநாளே மெரினாவுக்குப் போனது. மதுரையில் தமுக்கம் மைதானம் இரவும் பகலும் நிரம்பிக் கிடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். தலைவர் என்று ஒருவரும் இல்லாமல் சோறும் தண்ணீரும் பங்கிட்டு, குப்பையைத் தாங்களே அள்ளி, பெண்பிள்ளைகள் நடு இரவிலும் அச்சமின்றி உட்கார்ந்திருந்த கூட்டம் அது. 23-ஆம் தேதி காலையில் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. அன்று மாலையே சட்டப்பேரவையில் ஜல்லிக்கட்டுக்கான சட்டத்திருத்தம் நிறைவேறியது. பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள்.

மூன்று நாள் கழித்துக் குடியரசு நாள் வந்தது. தமிழகத்தின் கிராமங்களில் அது கிராம சபை கூடும் நாளும்கூட. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் அன்று சமுதாயக் கூடத்துக்குள் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் வேட்டி கட்டிய பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். தமுக்கத்தில் ஒரு வாரம் தூங்காமல் கிடந்த அந்த ஊர் இளைஞர்கள் கண்மாய்ப் பொட்டலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சபை நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இல்லை.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்துவந்த ஒரு பெண் அன்று அந்தக் கூடத்தில் இருந்தார். இப்போது அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அவர் வெறும் ‘அக்கா’. அடுத்த மாதத்திலிருந்து அவர் தொழில் மாறியது. பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை உள்ளவர்களைச் சொந்த ஊரின் ஆட்சிக்குள் அழைத்து வருவதுதான் அவர் வேலை. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நடந்து அதைச் செய்துவருகிறார். இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்ற புலம்பலை அவர் ஏற்பதே இல்லை. தமுக்கத்தைப் பார்த்தவர் எப்படி ஏற்பார்? அக்கறை இருக்கிறது; அதைக் கொண்டுபோய் வைக்கும் இடம் எது என்று யாரும் காட்டவில்லை என்பது அவர் முடிவு. அவருடைய அனுபவம் முழுவதும் அந்த முடிவுக்குச் சாட்சி.

இடம் சட்டத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். கிராம சபை உறுப்பினருக்குப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை பதவி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடிக்கொண்டிருந்த சபையை 2022-இல் அரசு ஆறாக்கியது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1-உம் சேர்ந்தன. பழைய நான்கும் விடுமுறை நாள்கள். சென்னையிலும் கோவையிலும் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை ஊருக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. புதிய இரண்டும் விடுமுறை இல்லை என்பதால், அந்த நாள்களில் உள்ளூரில் இருப்பவர்களை மட்டும் நம்பித்தான் அவர் திட்டமிடுகிறார்.

ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள். 2011 முதல் கொண்டாடப்படுகிறது. கல்லூரிகளில் மாணவர்கள் வரிசையாக நின்று கை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். அக்கா அந்த நாளில் கல்லூரிக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். பத்து நிமிடம்தான் பேசுவார். “வோட்டுப் போடுறது அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு உங்க ஊருல கிராம சபை. பஸ் ஏறிப் போங்க” என்பார். போகிறவர்கள் குறைவுதான். ஆனால் போனவர்கள் பிறகு அவருக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். அந்த அழைப்புகளிலிருந்துதான் அவருடைய பயிற்சிக் குழுக்கள் பலவும் உருவாயின.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள். குரூப் 4 தேர்வுக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பிக்கும் மாநிலம் இது. மேலூர் நூலகத்திலும் மதுரைப் பயிற்சி மையங்களிலும் காலை முதல் இரவு வரை குனிந்து படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் பல்வந்த்ராய் மேத்தா குழு 1957 என்று தூக்கத்திலும் சொல்லத் தெரியும். 243-ஆவது பிரிவு, 11-ஆவது அட்டவணை, 29 துறைகள் என்று எதைக் கேட்டாலும் பதில் வரும். அவர்களிடம் அக்கா கேட்பது ஒன்றுதான்: “உங்க ஊராட்சிக்குப் போன வருசம் எவ்வளவு பணம் வந்துச்சு?” பதில் வராது. யாரும் கூச்சப்பட வேண்டாம், ஊரில் பெரியவர்களுக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை எடுக்கச் சொல்வார்.

2020 ஏப்ரல் 24-இல் ஒன்றிய அரசு தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில், மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கிப் போனால், ஒன்றிய நிதிக் குழு மானியத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவழித்ததாகப் பதிவாகியிருக்கிறது என்பது தெரியும். தன் ஊர்ப் பெயரைத் திரையில் முதன்முறை பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாய் விரிவாக்கம் என்று ஒரு வரி இருக்கும். தெருப் பெயரும் இருக்கும். அது தன் தெருவாகவும் இருக்கும். “அக்கா, இந்த வேலை நடந்துச்சா?” என்ற கேள்வி தானாக வரும். அக்கா பதில் சொல்லமாட்டார். “வா, போய்ப் பாப்போம்” என்பார். பார்க்கப் போனால் சில இடத்தில் வேலை ஒழுங்காக நடந்திருக்கும். அதையும் குறித்துக்கொள்ளச் சொல்வார். சரியாக நடந்ததைச் சபையில் எழுந்து சொல்லும் பிள்ளையின் அடுத்த கேள்விக்கு மதிப்பு கூடுகிறது என்பது அவர் கண்ட உண்மை.

நடந்து பார்ப்பதுதான் பயிற்சியின் முதல் பாதி. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணில் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கும். அது எந்த மாதம், டேங்க் ஆபரேட்டர் என்ன சொல்கிறார், குளோரின் பவுடர் எப்போது வாங்கினார்கள்? இரவு எட்டு மணிக்குத் தெருவிளக்குகளை எண்ணுவார்கள். எரிவது எத்தனை, எரியாதது எத்தனை, மின்கம்பத்தின் எண் என்ன? பகலில் போய் எண்ணினால் பயனில்லை என்பதால் பெண்பிள்ளைகள் வரும்போது வீட்டில் கேட்டு, அம்மாவையோ அண்ணனையோ கூட அழைத்துக்கொண்டு போவார்கள். அப்படிக் கூட வந்த அம்மாக்கள் பலர் அடுத்த சபையில் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசினார்கள். எந்த விளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

இரண்டாம் பாதி, எது யார் வேலை என்று பிரித்தறிவது. இங்கேதான் நேரம் பிடிக்கிறது. இங்கேதான் ருசியும் இருக்கிறது. ஊராட்சி செயலரையும் வி.ஏ.ஓ.வையும் ஒருவரென்றே நினைத்திருக்கும் பட்டதாரிகள் ஏராளம். பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் வருவாய்த் துறை. தெருவிளக்கு, குடிநீர், ஊருக்குள் போகும் சாலை, சாக்கடை, சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் கடமை. கண்மாய் என்றால் உடனே பதில் சொல்லக் கூடாது. அதன் பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையின் கையில். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஊரணி ஊராட்சியினுடையது. காலைப் பேருந்து வரவில்லை என்றால் போக்குவரத்துக் கழகம். ரேஷன் கடை வேறு, தொடக்கப் பள்ளி வேறு.

பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்குப் பேருந்து இல்லை என்று கல்லூரி முதலாண்டு மாணவி ஒருத்தி ஒரு சபையில் கேட்டாள். “பஸ் நம்ம கையில இல்லம்மா” என்றார் செயலர். அவர் சொன்னது சரிதான். அந்தப் பெண் உட்காரவில்லை. “கையில இல்லேன்னு தெரியும் சார். போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பத் தீர்மானம் போடலாம்ல?” என்றாள். சபை ஒரு கணம் பேசாமல் இருந்தது. பிறகு நூறு நாள் வேலைப் பெண்கள் வரிசையிலிருந்து “போடுங்க சார், பிள்ளை கேக்குதுல்ல” என்று ஒரு குரல் வந்தது. தீர்மானம் எழுதப்பட்டது. அந்தத் தீர்மானத்தின் நகலை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதைத் தேதி வாரியாகக் கோப்பில் வைத்தாள். பேருந்தின் நேரம் மாறப் பல மாதங்களாயின. பேருந்து வந்தது முக்கியம்தான். ஊராட்சியின் அதிகாரம் எங்கே முடிகிறது, அதற்கு அப்பாலும் சபை எப்படிப் பேசலாம் என்பதை ஊரே அன்று கற்றுக்கொண்டது அதைவிட முக்கியம்.

சபையில் எழுந்து நிற்கும் இளைஞனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அவன் கொண்டுவந்த விஷயத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. “நீ யாரு மகன்டா?” என்பதுதான். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்பதற்கே அக்காவின் பயிற்சியில் ஒரு பொழுது ஒதுக்கப்படுகிறது. கோபப்படக் கூடாது. மழுப்பவும் கூடாது. “டிராக்டர்காரர் மகன்தாங்கய்யா. மூணாவது வார்டு. தெருவிளக்கு பத்திக் கேக்கணும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கையிலுள்ள தாளைப் பார்த்துப் படிக்க வேண்டும். தாள் இருந்தால் குரல் நடுங்காது. எதிரில் இருப்பவரும் தாளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் அந்தக் கேள்வியின் எடை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றல்ல. காலனியிலிருந்து வரும் பிள்ளையிடம் அது கேட்கப்படும்போது வேறொன்று கேட்கப்படுகிறது. மேலூர் வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் உள்ளாட்சி பற்றிப் பேசுவது பொய்யாகிவிடும். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, தம்மோடு வந்தவர்களுடன், பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 2006 வரை, பத்தாண்டுகள், தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. இவை பழைய கதையாகிவிடவில்லை. இன்றைக்கு இருபது வயதாகும் பிள்ளைகளின் அப்பாக்கள் வாழ்ந்து கடந்த நாள்கள்.

அதனால் அக்கா போகும் ஊர்களில் உட்காருவதில் ஒரு நிபந்தனை உண்டு. நாற்காலி என்றால் எல்லோருக்கும் நாற்காலி. ஜமுக்காளம் என்றால் தலைவர் முதல் எல்லோருக்கும் ஜமுக்காளம். கிராம சபையை வழிபாட்டுத் தலங்களில் நடத்தக் கூடாது என்று அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. அந்தத் தாளின் நகலைக் குழுவில் ஒருவர் எப்போதும் கையில் வைத்திருப்பார். கோயில் வாசலில் சபை போடப் பார்த்தபோது அதைக் காட்டிப் பள்ளிக்கூட மரத்தடிக்கு மாற்றிய ஊர்கள் உண்டு. காலனிப் பிள்ளைகளைத் தனியாகப் பயிற்றுவிக்காமல், எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே குழுவில் வைத்து, தெருவிளக்கை ஒன்றாக எண்ண வைப்பது அவர் பிடிவாதம். அதற்குச் சம்மதிக்காத ஊர்களிலிருந்து அவர் திரும்பி வந்துவிடுகிறார். அது சரியான முடிவென்றே தோன்றுகிறது. பாதித் தெருவை விட்டுவிட்டுக் கட்டும் குழு, முதல் சிக்கலிலேயே சாதிக் குழுவாகிவிடும்.

பயிற்சியின் நடுவில் அவர் இரண்டு கதை சொல்வார். ஒன்று உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. மேடையில் அதைச் சொல்லி மார்தட்டுவோர் பலர். அக்கா கல்வெட்டின் நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்வார்: வயது 35-க்கு மேல், 70-க்குள், சொந்த நிலமும் வீடும் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பெண்ணுக்கும் நிலமற்றவருக்கும் இளைஞருக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கல்வெட்டில் கொண்டாட வேண்டியது கணக்கு பற்றிய விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள்.

இன்னொன்று ராஜஸ்தான். 1990 மே 1-இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் சேர்ந்து தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை நடத்தியது. வேலையாட்களின் சம்பளப் பட்டியலையும் பொருள் வாங்கிய ரசீதுகளையும் ஊர் நடுவில் சத்தமாகப் படித்தார்கள். படித்ததும் ஊர்க்காரர்களே இந்த வேலைக்கு நான் போகவில்லை, இந்தக் கட்டடம் இங்கே இல்லை என்று எழுந்து சொன்னார்கள். 1996-இல் பியாவரில் 40 நாள் உட்கார்ந்து தகவல் உரிமை கேட்டார்கள். 1997-இல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. இன்றைக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம்.

மனு எழுதுவதில் அக்கா மிகக் கண்டிப்பானவர். ஒரு மனுவில் ஒரே விஷயம். ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. எத்தனை, எந்தத் தேதி, எந்த ஆவணம் என்று கேட்க வேண்டும். “எங்கள் ஊரில் ஏன் சாலை போடவில்லை?” என்ற மனு குப்பைக்குப் போகும். இன்ன நிதியாண்டில் இன்ன தெருச் சாலை வேலைக்கான மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பணம் வழங்கிய தேதி என்று கேட்கும் மனுவை எந்த அலுவலகமும் எளிதில் தள்ளிவிட முடியாது. எம்.புக் எனப்படும் அந்த அளவுப் புத்தகத்தில் சாலையின் நீளம், அகலம், கனம் எழுதியிருக்கும். பிள்ளைகள் டேப் எடுத்துக்கொண்டு போய் அளப்பார்கள். சிவில் என்ஜினீயரிங் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பையன்களுக்கு அன்றைக்குத் தங்கள் படிப்பின் மீதே புதிய மரியாதை வந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமான பாடத்தை அவர் கடைசிக்கு வைத்திருப்பார். சபை முடிந்ததாக அறிவித்ததும் யாரும் எழக் கூடாது. கேள்வி கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டு, அதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பிவிட்டுப் போய்விடும் இளைஞரால் ஊருக்கு ஒன்றும் நடப்பதில்லை. ஊராட்சி நடப்பது தீர்மானப் புத்தகத்தில். அதில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ‘தெருவிளக்கு குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினால் யாருக்கும் எந்தக் கடமையும் இல்லை. ‘மூன்றாவது வார்டில் இன்னின்ன எண்ணுள்ள மின்கம்பங்களின் விளக்குகளை அடுத்த கிராம சபைக்குள் சரிசெய்யத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அடுத்த சபையில் அதைப் படித்துக் கேட்கலாம். கையெழுத்தோ எழுதியதைப் படித்த பிறகுதான். மூவாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊராட்சிக்கு 200 பேர், பத்தாயிரத்தைத் தாண்டினால் 300 பேர் என்று குறைவெண் வரம்பு உண்டு. அந்தக் கணக்கை நிரப்ப வெற்றுத் தாளில் முதலிலேயே கையெழுத்து வாங்கும் வழக்கம் சில ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. “படிக்காம கையெழுத்துப் போடாதீங்க, போட்டதும் போட்டோ எடுத்துக்கங்க” என்பது அவர் ஒவ்வொரு குழுவிடமும் சொல்லும் வார்த்தை. தீர்மானங்களை எழுதி முடிக்க மதியம் தாண்டிவிடும். பசியோடு காத்திருக்கக் கற்றுக்கொண்ட குழுக்களே இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

வீட்டார் பயப்படுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. “கேஸு கீஸு விழுந்துட்டா கவர்மென்ட் வேலைக்கு என்ன பண்றது தாயி?” என்று கேட்கும் அம்மாவுக்கு வீரவசனம் பதிலாகாது. அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சட்டத்தைச் சொல்வார். கிராம சபையில் பேசுவது போராட்டமல்ல, உறுப்பினரின் வேலை. தகவல் கேட்டு மனுப் போடுவது குற்றமல்ல, உரிமை. இரவில் தனியாக யார் வீட்டுக்கும் போய் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. ஒருவர் பெயரில் மட்டும் எல்லா மனுவும் போகக் கூடாது. ஊழல் என்ற சொல்லை ஆவணம் கைக்கு வரும்வரை பயன்படுத்தக் கூடாது. இந்த ஒழுங்குகள் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஏற்பட்டவை. அப்படியும் மிரட்டல் வரும். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஒரு பையனின் அப்பாவுக்கு நிலத்தைக் குத்தகைக்குத் தர மறுத்தார். பையன் விலகிக்கொண்டான். அவனைப் பற்றி அக்கா ஒரு குறையும் சொல்லமாட்டார்.

விலகாமல் நின்றவர்களில் சிலர் தேர்தலையும் நினைத்தார்கள். ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். சட்டமன்றத்துக்கு 25 ஆக வேண்டும். 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் காட்டிநாயக்கன்தொட்டி ஊராட்சிக்கு 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தலைவரானார். மறு ஆண்டு தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் பொறியியல் படித்த 22 வயதுப் பெண் தலைவரானார். இந்தச் செய்தித்தாள் துண்டுகள் அக்காவின் பையில் இருக்கும். பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாடு சட்டம் செய்த பிறகு, பெண்பிள்ளைகள் இதைக் கேட்கும் விதமே மாறிவிட்டது என்கிறார். ஆனாலும் தேர்தலில் நிற்பவர்களை உருவாக்குவதைவிட, யார் நின்று வென்றாலும் கணக்குக் கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதே அவர் நோக்கம்.

ஊரில் கேட்கப் பழகியவர்கள் மேலேயும் கேட்கிறார்கள். 2020-இல் ஊரடங்கு நேரத்தில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. நாடு முழுவதும் லட்சக்கணக்கான கருத்துகள் குவிந்தன, பெரும்பங்கு இளைஞர்களிடமிருந்து. மேலூர்ப் பிள்ளைகள் சிலரும் எழுதினார்கள். வேறு யாரோ அனுப்பிய மாதிரிக் கடிதத்தை அப்படியே முன்னனுப்ப அக்கா விடவில்லை. “நம்ம ஊரு கல்குவாரிக்கு இதுல எந்தப் பிரிவு பொருந்துது? அதைக் கண்டுபிடிச்சு அதை மட்டும் எழுது” என்றார். கிரானைட் குவாரிகளால் குன்றுகளை இழந்த மண்ணில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

நான்கு ஆண்டுகளில் அந்தப் பழக்கத்துக்குத் தேவை வந்தது. மேலூர் வட்டாரத்தின் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் உள்ள குன்றுகள் அவை. 2024 நவம்பரில் அந்த இடத்தையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. நவம்பர் 1-இல் கூட வேண்டிய கிராம சபை அந்த ஆண்டு 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தபோது, அவற்றைக் கூட்டச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பின்னால் இருந்தது. மேலூர்ப் பக்கம் அப்படி எதுவும் இல்லை. ஊரே திரண்டு நின்றது. விவசாயிகளும் வியாபாரிகளும் கட்சிகளும் நின்றார்கள். வெற்றி அனைவருடையது. அந்தத் தீர்மானங்களில் ஏலத்தின் பரப்பையும், பல்லுயிர்த் தல அறிவிப்பையும், பாதிக்கப்படும் கண்மாய்களையும் சரியாக எழுத வேண்டும் என்று முதல் நாள் இரவே உட்கார்ந்து குறிப்பெடுத்த பிள்ளைகள் பல ஊர்களில் இருந்தார்கள். குறிப்பெடுத்த கைகளில் சில தெருவிளக்கை எண்ணிப் பழகியவை.

அந்த வெற்றி வந்த அதே மாதத்தில் வேறொன்றும் நடந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில், மதுரை உட்பட, ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. புதிய தேர்தல் நடத்தப்படாமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இது முதல் முறையல்ல. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் அலுவலர் கையில் இருந்தன. ஊராட்சியின் பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பிரிவையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். “அக்கா, பரீட்சைக்கு இதத்தான எழுதுறோம், அப்ப ஏன் நடத்தல?” என்று அவர்கள் கேட்பதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். பத்தாண்டுக்குள் இரண்டு முறை தேர்தலை நிறுத்திவைத்துவிட்டு, இளைஞர்கள் ஜனநாயகத்தில் பங்கேற்க வேண்டும் என்று எந்த மேடையிலும் யாரும் பேசக் கூடாது.

அக்காவின் பழைய குழுப் பிள்ளைகளில் ஒருவர் இப்போது கிராம நிர்வாக அலுவலர். இன்னொரு பெண் ஒன்றிய அலுவலகத்தில் கணினி இயக்குநர். மேசையின் மறுபக்கம் போய்விட்ட அவர்களிடம் மனு கொடுக்க வரும் புதிய பிள்ளைகளுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்காமலே கிடைக்கிறது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் 17 வயது முடிந்த பிள்ளை இருந்தால் வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6-ஐ இப்போதே முன்கூட்டிக் கொடுக்கலாம். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாள்கள். பெயர் சேர்ந்த அன்றே அந்தப் பிள்ளை கிராம சபை உறுப்பினர். அடுத்த கிராம சபைக்கு அவனை, அவளை நீங்களே அழைத்துப் போங்கள். போன வருடத்து வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். வாசித்து முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள்.